வீட்டில் செய்த கிற்றாரில் பெரிய கம்பெனிப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் கிற்றார் திருத்தத் தொடங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் தேவாலயப் பாடகர் குழுப் பிள்ளைகள், மற்றப் பாதி கல்யாண வீடுகளில் வாசிக்கும் பேண்ட்காரர். இப்போது யூடியூபைப் பார்த்து மகோகனிப் பலகையில் தாங்களே கிற்றார் செய்கிற இளம் ஆட்களும் வருகிறார்கள். மரம், வார்னிஷ், பிரெட் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, படலையடியில் நின்றுகொண்டு கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள்: “தலையில பென்டர் எண்டு ஒட்டலாமா?” பென்டர் என்பது அமெரிக்காவின் பெரிய கிற்றார்க் கம்பெனி.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ‘தலை’ என்று நான் சொல்வது கழுத்தின் நுனியில் தந்தி முறுக்கும் சாவிகள் இருக்கும் பகுதியை. ‘டீக்கல்’ என்பது அங்கே ஒட்டும், பெயர் அச்சடித்த மெல்லிய ஒட்டுத்தாள். நான் சட்டத்தரணி அல்ல. பணம் கைமாறுகிற அளவுக்கு உங்கள் வேலை வளர்ந்துவிட்டால் ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை கதையுங்கள்.

அண்ணே, ஸ்ட்ராட் மாதிரி ஒண்டைச் செய்யிறதே குற்றமா?

இல்லை. ஸ்ட்ராட் என்பது பென்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றார், 1954இல் வந்தது. நம் நாட்டில் ஒரு கைத்தொழில் வடிவமைப்பைப் பதிவு செய்தால் ஐந்து வருடம் பாதுகாப்பு, இரண்டு முறை புதுப்பிக்கலாம், ஆகக் கூடினால் பதினைந்து வருடம். எழுபது வருடப் பழைய வளைவுக்கு அந்த வழியில் யாரும் உரிமை கேட்க முடியாது. பென்டர் கம்பெனி தன் கிற்றார் உடல்களின் வடிவத்தை வர்த்தகக் குறியாகப் பதிய அமெரிக்காவில் முயன்றபோது, 2009இல் அங்குள்ள வர்த்தகக் குறித் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. எத்தனையோ பேர் எத்தனையோ காலமாகச் செய்துவரும் வடிவம், அதைப் பார்த்து ஒரு கம்பெனியை மட்டும் மனிதர் நினைப்பதில்லை என்பதுதான் காரணம்.

தலையின் வடிவம் வேறு கதை. 1977இல் கிப்சன் என்ற இன்னொரு அமெரிக்கக் கிற்றார்க் கம்பெனியின் தாய்க் கம்பெனி, ஜப்பானின் இபனெஸ் கிற்றார்களை அமெரிக்காவில் விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது தலையின் வடிவத்துக்காகத்தான். இபனெஸ் அதற்குள்ளேயே தலையை மாற்றத் தொடங்கியிருந்தது, வழக்கு சமரசத்தில் முடிந்தது. கிப்சன் உடல் வடிவங்களுக்காகவும் நீதிமன்றம் போகிற கம்பெனி. தன் லெஸ் போல் கிற்றாரைப் போல, கழுத்தடியில் ஒரு பக்கம் மட்டும் வெட்டி உள்வாங்கிய ‘ஒற்றை வெட்டு’ உடலுக்காக பிஆர்எஸ் கம்பெனியுடன் வழக்காடி 2005இல் மேல்முறையீட்டில் தோற்றது, ஆனால் அதோடு விடவில்லை. ஆகவே விற்பதற்காகச் செய்பவர்கள் உடலை எப்படி வெட்டினாலும் தலையைச் சொந்தமாக வரையுங்கள். ஒரு பின்னேரத்து வேலைதான்.

அப்ப பேரை மட்டும் ஏன் இப்பிடித் தூக்கிப் பிடிக்கிறாங்க? ஒரு சின்ன டீக்கல்தானே?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இங்கே இதற்கு அடிப்படை. ஒருவருடைய பொருளை மற்றவருடைய பொருளிலிருந்து பிரித்துக்காட்டும், கண்ணுக்குத் தெரியும் அடையாளம் வர்த்தகக் குறி. நூறு பேர் ஒரே வளைவில் கிற்றார் செய்யலாம். எது யார் கையால் வந்தது என்று சொல்ல அந்தச் சின்ன டீக்கலைத் தவிர வேறொன்றும் இல்லை.

பென்டரே இதில் அடிபட்ட கம்பெனி என்பது பலருக்குத் தெரியாது. 1950இல் அவர்கள் விட்ட கிற்றாருக்கு ‘புரோட்காஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். கிரெட்ச் கம்பெனி அதே ஓசையுள்ள பெயரில் டிரம் விற்றுக்கொண்டிருந்தது, ஆட்சேபம் தெரிவித்தது. பென்டர் சண்டைக்குப் போகவில்லை. 1951இல் அடித்துவைத்திருந்த டீக்கல்களில் அந்தப் பெயரைக் கத்தரித்து எறிந்துவிட்டு, ‘பென்டர்’ என்ற பகுதியை மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். பிறகுதான் ‘டெலிகாஸ்டர்’ என்ற பெயர் வந்தது. இடையில் பெயரில்லாமல் போன கிற்றார்களைச் சேகரிப்பவர்கள் ‘நோகாஸ்டர்’ என்கிறார்கள். பிறர் பெயர் என்று தெரிந்ததும் தன் டீக்கலிலேயே கத்தரி வைத்த கம்பெனியின் பெயரைத்தான் நாம் கேட்காமல் எடுத்து ஒட்டப் பார்க்கிறோம்.

நான் விக்கவே மாட்டன். வீட்ட வச்சு அடிக்கத்தான். அதுக்கும் பிழையா?

அதிகமாகக் கேட்கப்படுவது இது. சட்டத்தின் பக்கம் முதலில்: வர்த்தகக் குறிச் சட்டத்தின் உயிர் வணிகத்தில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் நீங்கள் வாசிக்கும் கிற்றாரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ‘சொந்தப் பாவனைக்கு ஒட்டலாம்’ என்று சட்டம் உங்களுக்கு எழுதித் தரவும் இல்லை, ஆனால் நடைமுறையில் ஆபத்து மிகக் குறைவு. இதை நான் மறைக்கவில்லை.

இனி நான் கண்டது. மூன்று வருடத்துக்கு முன் ஆரையம்பதியிலிருந்து ஒரு பிள்ளை தகப்பனோடு வந்தான். மூன்றாம் தந்தி இரைகிறது, பார்த்துத் தாருங்கள் என்றான். தலையில் பென்டர் டீக்கல், அமெரிக்காவில் செய்தது என்ற எழுத்து, தொடரிலக்கம். தகப்பன் சீட்டுக்காசு எடுத்து 160,000 ரூபாய்க்கு ஒருவரிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். டீக்கலின் ஓரத்தில் நகத்தை வைத்தேன், விளிம்பு தட்டுப்பட்டது. கழுத்தின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். கழுத்து வந்து உட்காரும் குழியில், உளி போன தடத்துக்குக் குறுக்கே, பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: ‘என்ட முதல் கிற்றார். 2012 தை.’

அந்த எழுத்தை நான் இன்னும் மறக்கவில்லை. செய்தவர் கள்ளர் இல்லை. தனக்காகச் செய்து, ஆசைக்கு ஒரு டீக்கல் ஒட்டி, உள்ளே உண்மையை எழுதி வைத்த ஒருவர். அவரும் “விக்கவே மாட்டன்” என்றுதான் சொல்லியிருப்பார். பிறகு வெளிநாடு போயிருக்கலாம், காசு முட்டுப்பட்டிருக்கலாம், தம்பிக்குக் கொடுத்திருக்கலாம். எத்தனை கை மாறியதோ தெரியாது. வெளியே இருந்த பொய்தான் கடைசிக் கைவரைக்கும் போனது, உள்ளே இருந்த உண்மையைத் திருகாணி கழற்றாமல் பார்க்க முடியவில்லை. தகப்பன் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை மட்டும் “நல்லாச் சத்தம் வருது தானே அண்ணே” என்று என்னைப் பார்த்தான். உண்மையாகவே நல்ல சத்தம்தான். செய்தவர் தன் பெயரைப் போட்டிருந்தால் அதன் பெருமை அவருக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

கிற்றார் மனிதரைவிட நெடுங்காலம் இருக்கிற சாமான். இன்றைக்கு உங்கள் மனதில் இருப்பது அதோடு சேர்ந்து போகாது, தலையில் ஒட்டியிருப்பதுதான் போகும். அதனால்தான் வீட்டுக் கிற்றாருக்கும் வேண்டாம் என்கிறேன்.

அமெரிக்காக்காரன் மட்டக்களப்புக்கு வந்து எனக்கு வழக்குப் போடப் போறானா?

ஒரு கிற்றாருக்காக வரமாட்டான். ஆனால் விற்க ஆரம்பித்தால், ‘இலங்கையில் அவர்கள் பதிந்திருக்கமாட்டார்கள்’ என்பது பாதுகாப்பு ஆகாது. தொழிற்சொத்துக்கான பாரிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1952இலிருந்து இருக்கிறது. உலகறிந்த குறிகளுக்கு இங்கே பதிவு இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. குழப்பம் உண்டாக்கி விற்பது நியாயமற்ற போட்டி என்றும் புலமைச் சொத்துச் சட்டம் சொல்கிறது. உரிமையாளர் வழக்குப் போட்டால் அது கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். போலிக் குறியோடு பொருள் விற்பது குற்றவியல் குற்றமும்கூட: தண்டப்பணம், சிறை இரண்டுக்கும் இடம் உண்டு.

இன்னொரு கதவும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரி ஒருவர் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது. முறைப்பாடு செய்ய அமெரிக்காவிலிருந்து ஆள் வரத் தேவையில்லை, காசு கொடுத்தவர் போதும். யார் வழக்குப் போடுவான் என்று கேட்பவர்களிடம் நான் ஆரையம்பதித் தகப்பனின் முகத்தைத்தான் சொல்வேன். நட்டப்பட்டவர் நம் பக்கத்து ஊரில் இருக்கிறார்.

பசாரில எல்லா ரீசேட்டிலயும் நைக்கி எண்டுதான் கிடக்கு. அதுக்கு ஒண்டும் சொல்றாங்க இல்லையே?

அதுவும் பிழைதான். ஆனால் எழுநூறு ரூபாய் ரீசேட்டை வாங்குகிறவருக்கு அது என்னவென்று தெரியும், இரண்டு வருடத்தில் அது நிலம் துடைக்கும் துணியாகிவிடும். கிற்றாரில் பெயரைப் பார்த்துத்தான் விலை ஏறுகிறது, கடன் எடுக்கிறார்கள். அந்தப் பெயர் உண்மையில் வேண்டுமானால் நேர்வழி இருக்கிறது: ஸ்குவையர் 1982இலிருந்து பென்டரின் சொந்தக் குறைந்த விலைப் பெயர், எபிபோனை 1957இல் கிப்சன் வாங்கிவிட்டது.

ஒரு எழுத்தை மாத்திப் போட்டா? பென்டருக்குப் பதிலா ‘பென்டோர்’ எண்டு, அதே எழுத்து வளைவில?

தப்பாது. அச்சொட்டான குறியை மட்டுமல்ல, பார்க்கிறவரை மயக்கும் அளவுக்கு ஒத்திருக்கும் குறியையும் சட்டம் தடுக்கிறது. 1970களின் கடைசியில் ஜப்பானின் தொகாய் கம்பெனி பென்டரின் எழுத்து வளைவிலேயே தன் பெயரை எழுதிப் பார்த்தது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அது தற்செயல் என்று யாரும் நம்பவில்லை. வேறு பெயர் வைக்கத் துணிந்தவர் வேறு எழுத்திலும் எழுதலாம்.

ஆள்தான் வந்து கேக்கிறார், காசும் குடுக்கிறார். அவர் கேட்டதைச் செய்து குடுக்கிறதுல எனக்கென்ன பொறுப்பு?

பொறுப்பு இருக்கிறது. அவர் வீட்டில் ஒட்டுவது ஒன்று, நீங்கள் கூலி வாங்கி ஒட்டிக் கொடுப்பது இன்னொன்று. அந்த இடத்திலேயே அது வணிகமாகிவிடுகிறது, விற்பது பற்றி மேலே சொன்ன எல்லாம் உங்கள் தலையில் விழும். டீக்கல் அடித்துக் கொடுக்கும் அச்சகத் தம்பிமாருக்கும் இதே பதில்தான். ஒருவர் என்னிடம் “நூறு அடிச்சுத் தாங்க எண்டு ஓடர் வந்திருக்கு நானா, எடுக்கட்டா?” என்று கேட்டார். நூறு டீக்கல் ஒட்ட ஒருவரிடம் நூறு கிற்றார் இருந்தால் அது ஆசைக்குச் செய்கிற வேலை இல்லை என்றேன். அவர் எடுக்கவில்லை.

நான் மறுக்கும்போது ஆட்கள் கோபப்படுவதுண்டு. மறுத்துவிட்டு அப்படியே அனுப்புவதில்லை. ஒரு தாளை எடுத்து அவருடைய பெயரின் முதலெழுத்தை மூன்று நான்கு விதமாக வரைந்து காட்டுவேன். பாதிப்பேர் அதிலொன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

கழுத்து ஒரிஜினல் பென்டர், பேரும் கம்பெனி போட்டது. உடல் மட்டும் நான் செய்தது. இப்ப இது பென்டர்தானே?

கழுத்து பென்டர். கிற்றார் பென்டர் இல்லை. இப்படிச் சேர்த்த கிற்றார்களை வாசிப்பவர்கள் பார்ட்ஸ்காஸ்டர் என்கிறார்கள், நல்ல கிற்றார்கள் பல அப்படித்தான் பிறக்கின்றன. டீக்கல் உண்மையானது என்பதால் அதைச் சுரண்டத் தேவையில்லை. ஆனால் விற்கும்போது விளம்பரத்தின் முதல் வரியிலேயே ‘கழுத்து மட்டும் பென்டர், உடல் கையால் செய்தது’ என்று எழுதுங்கள். கேட்டால் சொல்வோம் என்று வைத்திருப்பது போதாது.

வார்மொத், ஆல்பார்ட்ஸ் போன்ற கம்பெனிகள் பென்டரின் அனுமதியோடு அதே தலை வடிவத்தில் கழுத்து விற்கின்றன. பலர் ஏமாறுவது இங்கேதான்: அந்த அனுமதி வடிவத்துக்கு, பெயருக்கு இல்லை. அதனால்தான் அவை வெறும் தலையோடு வருகின்றன.

ஒரிஜினல் கிற்றாருதான், எங்கட மாமாட. தேய்ஞ்சு பேர் அழிஞ்சு போச்சு. திரும்ப ஒட்டினாலும் கள்ளமா?

கடினமான கேள்வி. இதில் என் மனமும் முழுதாக ஒரு பக்கம் சாயவில்லை. அந்தத் தலையில் அந்தப் பெயர் இருப்பது உண்மை, ஆகவே வாங்குபவருக்குப் பொய் சொன்னதாகாது. ஆனாலும் எங்கோ அடித்த டீக்கலை ஒட்டியதும், உண்மையான பழைய கிற்றாரே போலி போல ஆகிவிடுகிறது. பழைய கிற்றார் தெரிந்தவர் முதலில் பார்ப்பது டீக்கலைத்தான், அது புதிது என்றால் மீதி எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

நான் செய்வது இது: அழிந்தபடியே விடச் சொல்வேன். மாமாவின் பெருவிரல் பட்டுத் தேய்ந்த இடம் அது, அதற்கும் ஒரு பெறுமதி உண்டு. கட்டாயம் ஒட்டத்தான் வேண்டும் என்றால், ஒட்டுவதற்கு முன் தலையை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, திகதி போட்டு, கிற்றார்ப் பெட்டிக்குள்ளேயே ஒரு பிரதியை வையுங்கள்.

கல்யாண வீட்டில வாசிக்கிறன், வீடியோவிலயும் வருது. தலையில கள்ளப் பேர் கிடந்தா பிரச்சினையா?

வாசிப்பது விற்பது அல்ல. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

தெரியாம வாங்கிட்டன். இப்ப விக்க வேணும். என்ன செய்ய?

முதலில் போலிதான் என்று உறுதிப்படுத்துங்கள். தொடரிலக்கம் சரியாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, ஓர் உண்மையான இலக்கத்தை யாரும் அச்சடிக்கலாம். டீக்கல் விளிம்பு, தலையின் வளைவு, சாவிகள், கழற்றினால் கழுத்தின் அடியில் இருக்கும் முத்திரை அல்லது திகதி, பிக்கப்பின் (தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பகுதியின்) பின்புறம், வயர் ஈயம் வைத்த விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியாகத் தெரியாவிட்டால் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

போலி என்று தெரிந்த நொடியிலிருந்து நீங்கள் அறியாதவர் இல்லை. வாங்கிய விலைக்கே தள்ளிவிட மனம் சொல்லும், ஏனென்றால் நட்டப்பட்டவர் நீங்கள். ஆனால் அந்த நட்டத்தை அடுத்த பிள்ளையிடம் இறக்கி வைக்க முடியாது. டீக்கல் வார்னிஷுக்கு மேலே இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டுப் பிளாஸ்டிக் அட்டையால் மெல்லத் தள்ளுங்கள். வார்னிஷுக்குக் கீழே இருந்தால் 400 இலக்க அரத்தாளில் தொடங்கி, மேலே புதிதாக வார்னிஷ் பூச வேண்டிவரும். பெயரை எடுத்துவிட்டு, செய்தவர் தெரியாத கிற்றார் என்று எழுதிக் கொடுத்து, அதன் சத்தத்துக்கு என்ன விலையோ அந்த விலைக்கு விற்கலாம். விற்றவரைத் தெரியும் என்றால் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு காசைத் திருப்பிக் கேளுங்கள்.

ஆரையம்பதிப் பிள்ளை விற்கவில்லை. டீக்கலை எடுக்கச் சொன்னான், எடுத்துக் கொடுத்தேன். இப்போதும் அதைத்தான் வாசிக்கிறான்.

எங்கட பேரைப் போட்டா ஆர் மதிப்பான்? லோக்கல் சாமான் எண்டு சொல்லுவாங்க.

சொல்வார்கள், கொஞ்சக் காலம். ஆனால் இந்த ஊர் அப்படிப்பட்ட ஊர் இல்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் தச்சு வேலையும் வயலினும் கிற்றாரும் தலைமுறை தலைமுறையாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தவை, கபிறிஞ்சா ஆட்டத்துக்கு வாசித்த கைகள் பல பகலில் உளி பிடித்த கைகள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் மறைந்துபோன யாழைத் தேடி வாழ்நாளில் எத்தனையோ வருடம் செலவழித்தார். தந்தி வாத்தியத்தில் நம் பெயரைப் போட நமக்கு உரிமையில்லாத மண்ணா இது?

பெயர் அழகாக வர நேரம் எடுங்கள். தமிழ் எழுத்து தலையில் மிக வடிவாக உட்காரும், குறிப்பாக ‘ழ’வும் ‘ஞ’வும். பாடும் மீன் ஊர் என்பதால் மீன் வரைபவர்கள் உண்டு. அது நல்ல எண்ணம்தான், ஆனால் எல்லாரும் மீன் போட்டால் அதுவும் அடையாளமாக இருக்காது. முத்துச்சிப்பி ஓட்டை வெட்டிப் பதிக்கலாம், சூட்டுக்கோலால் எழுதலாம். தொடர்ந்து விற்கப்போகிறீர்கள் என்றால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் உங்கள் குறியைப் பதியலாம். இசைக்கருவிகள் 15ஆம் வகுப்பில் வரும். பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிந்தபின் உங்கள் பெயரை வேறொருவர் ஒட்டினால் இதே சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

ஒண்டும் போடாம வெறுந்தலையா விட்டா?

விடலாம், அதில் பிழையில்லை. ஆனால் வெறுந்தலை பிறகு யாருக்காவது டீக்கல் ஒட்ட இடம் கொடுக்கும். ஆகவே வெளியே வேண்டாம் என்றால் உள்ளேயாவது எழுதுங்கள்: கழுத்துக் குழியில் ஒருமுறை, பிக்கப் குழியில் ஒருமுறை. பெயர், ஊர், மாதம், வருடம், என்ன மரம். பென்சில் போதும், மை ஊறிப் பரவும். எழுதியபின் மேலே மெல்லிதாக ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துவிட்டால் கைபட்டு அழியாது.